படகு பேரத்துக்கு வசனம் எழுதிய கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. என் அக்கா கேட்டு வாங்கியது. அவளும் கதையாகக் கேட்கவில்லை. ஒரு நாள் ஃபோன் செய்து, "ஏய், நீதான் எழுத்தாளராச்சே. எங்களுக்குக் கொஞ்சம் வசனம் எழுதிக் குடு" என்றாள்.

"என்ன வசனம்?"

"படகு வாங்கப் போறோம். புதுசு. பேரம் பேசணும். உங்க அத்தானை வாயைத் திறக்க விட்டா, கடைக்காரர் சொன்ன விலைக்கு மேல போட்டுக் குடுத்துட்டு, காப்பி நல்லா இருந்துச்சுன்னு வேற சொல்லிட்டு வருவார். அவர் என்ன பேசணும்னு எழுதிக் குடுத்துடு. மனப்பாடம் பண்ணட்டும்."

இத்தனை காலமாக எழுதுகிறேன். என் எழுத்தால் யாருக்காவது ஏதாவது மிச்சமாகும் என்று ஒருவரும் நம்பியதில்லை. வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டேன்.

நடந்ததை எல்லாம் கதையாக எழுதிக்கொள்ளலாமா என்று பிற்பாடு கேட்டபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். விலையை எழுதக் கூடாது. கேட்ட விலை, சொன்ன விலை, குறைத்த விலை, எதுவுமே கூடாது. காரணம் கேட்டேன். "என் மார்க்கெட் கெட்டுப்போயிடும்" என்றாள். நல்ல விலைக்கு முடித்ததால் கெடுமா, ஏமாந்ததால் கெடுமா என்று கேட்டேன். அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

ஆகவே விலை பேசும் கதையில் விலை இருக்காது. பிறகு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

2

தொடக்கம் என்று மூன்று எழுதினேன்.

"ஏரியின்மேல் இளவெயில் பொன்னாக உருகிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்" [கைவிட்டேன். நாங்கள் போன அன்று காலையிலிருந்தே தூறல். தவிர, வெயில் பொன்னாக உருகும் கதைகளை நானே படிப்பதில்லை.]

"மனிதன் ஏன் தண்ணீரை நாடிப் போகிறான்? ஆதி முதல்" [அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மனுஷன்? உங்க அத்தானா? ஏன் சுத்தி வளைக்கறே?" என்றாள். ஆதியோடு அதுவும் போயிற்று.]

"அத்தானுக்குப் படகு வேண்டும்."

இது நின்றுவிட்டது. இதற்குமேல் இந்தக் கதையில் நீங்கள் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை.

அத்தான் நகரப் பேருந்து ஓட்டியவர். இப்போதுதான் ஓய்வு பெற்றார். அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் இருக்கிறாள். கையுறை, படுக்கை விரிப்பு, ஊசி, தரை பெருக்குகிற துடைப்பம் வரை விலை பேசி வாங்குவது அவள் வேலை. வீட்டில் எதுவானாலும் அவள்தான் வாங்குவாள். அத்தான் தானாக ஆசைப்பட்டு ஒரு பொருளைக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று அவளே சொன்னாள். சொன்னபோது குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அவர் கேட்டது பான்டூன் படகு. பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: இரண்டு நீளமான அலுமினிய உருளைகள் தண்ணீரில் மிதக்கும். அவற்றின்மேல் ஒரு தட்டையான தளம். தளத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பித் தடுப்பு, ஏறி இறங்க ஒரு குட்டிக் கதவு, உள்ளே சோபா, பின்னால் இஞ்சின். வீட்டுக் கூடத்தைப் பெயர்த்து ஏரியில் விட்டது மாதிரி இருக்கும். வேகமாகப் போகாது, கவிழாது, அழகு என்றும் யாரும் சொல்லமாட்டார்கள்.

"இதுதான் ஏன் வேணும்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"காத்து வாங்கலாம்" என்றிருக்கிறார் அத்தான்.

3

பேரமும் ஒரு கதைதான். என்ன, இரண்டு பேர் சேர்ந்து எழுதுவார்கள். முடிவு இருவருக்குமே ஏறத்தாழத் தெரியும், ஆனாலும் நாலு பக்கம் ஓட்டியாக வேண்டும். விலைச்சீட்டில் இருப்பது வெறும் முதல் வரைவு. அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறவரைக் கடைக்காரரே மதிப்பதில்லை என்று அக்கா சொல்வாள்.

இப்படி யோசித்து நான் எழுதிக்கொடுத்த வசனத்தின் கடைசிப் பகுதி இது:

அத்தான்: (உதட்டைப் பிதுக்கி) நிறம் கொஞ்சம் கண்ணைக் குத்துதே.

விற்பனையாளர்: (ஹி ஹி என்று சிரித்து, கையைப் பிசைந்தபடி) சார், இந்த மாதிரி நிறம் உலகத்துலயே கிடையாது!

அத்தான்: (பெருமூச்சு விட்டு) விலையும் கொஞ்சம் அதிகமாத் தெரியுது.

அக்கா: (எழுந்து) வாங்க, நாம வேற இடம் பாத்துக்கலாம்.

(மூவரும் காருக்குப் போகிறார்கள். விற்பனையாளர் பின்னாலேயே ஓடி வருகிறார்.)

அக்காவுக்கு இன்னும் நிறைய எழுதியிருந்தேன். கடைசி வரி ஒன்றை வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் அவள் அடித்துவிட்டாள். "எனக்கு எதுக்கு இவ்வளவு? நான் பேசமாட்டேன்" என்றாள்.

* இதை விளக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் அக்காவின் தொழில் ரகசியம். யார் விலை சொன்னாலும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. எதிரில் இருப்பவருக்கு முதலில் இருமல் வரும். அப்புறம் நாற்காலியில் நெளிவார். கடைசியில் தாங்கமுடியாமல் தானாகவே ஒரு படி இறங்கி வருவார். சின்ன வயதில் என்னிடமிருந்து ஜன்னல் ஓர இருக்கையை அவள் வாங்கியது இந்த வழியில்தான்.

4

கடைக்குப் போனோம். வாசலில் ஜல்லி கொட்டிய பெரிய முற்றம். இழுவை வண்டிகள்மேல் உட்கார்ந்திருந்த படகுகள் தூறலில் நனைந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு திறந்த கொட்டகை. அதை ஒட்டிக் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அலுவலகம். அத்தான் கேட்ட படகு கொட்டகைக்குள் இருந்தது. நீல நிறம், அதில் ஒரு வெள்ளைப் பட்டை. கண்ணை எல்லாம் குத்தவில்லை.

இங்கே எனக்கு முதல் சிக்கல் வந்தது. விற்பனையாளர் என்று நான் மனதில் வைத்திருந்த ஆள் ஒல்லியாக, எண்ணெய் வடியப் பேசுகிற ஆள். வந்தவரோ ஆஜானுபாகு. கயிற்றில் கோத்த மூக்குக் கண்ணாடி மார்பில் ஆட, ஒரு காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். மிதியடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் தன் கடைக்குள்ளேயே நுழைந்தார்.

"சீட்டுல இருக்கறது படகு, இஞ்சின், இழுவை வண்டி மூணுக்கும் சேர்த்து. இஞ்சினைப் பொருத்தி, தண்ணில விட்டுப் பாத்துத் தர்றதுக்குத் தனியா ஒரு கட்டணம் உண்டு மேடம். கடைசில சொன்னா கோவம் வரும். அதான் இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

கடைசியில் சொல்லுவார் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம் வீண்.

அதற்குள் அத்தான் குட்டிக் கதவைத் திறந்துகொண்டு படகில் ஏறிவிட்டார். ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து, சக்கரத்தைப் பிடித்து, இருக்கையை ஒரு விரற்கடை முன்னே தள்ளினார். பிறகு அவருடைய வலது கை தானாக நெற்றிக்கு மேலே போய், அங்கே இல்லாத ஒரு பேருந்துக் கண்ணாடியைத் திருகிச் சரிசெய்தது. செய்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை இறக்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

விற்பனையாளர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அக்கா பார்த்தாள். போச்சு என்று என் காதில் சொன்னாள்.

5

அத்தானைப் பற்றி நான் ஒன்று யோசித்திருக்க வேண்டும். தன் வழித்தடத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட விட்டுவிட்டுப் போகாதவர் அவர். ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை என்றாலும் நிறுத்தி, கதவைத் திறந்து, மூடிவிட்டுத்தான் கிளம்புவார். "போட்டிருக்கு, நிக்கணும்" என்பார். அப்படிப்பட்டவரிடம் எழுதியதைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் எதை விடுவார்?

படகிலிருந்து இறங்கி வந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். கல்வெட்டு மாதிரி நின்று சொன்னார்:

"உதட்டைப் பிதுக்கி நிறம் கொஞ்சம் கண்ணைக் குத்துதே."

விற்பனையாளர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார்?"

அது அவர் வசனமில்லை. ஆனால் அத்தான் அசரவில்லை. அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

"பெருமூச்சு விட்டு விலையும் கொஞ்சம் அதிகமாத் தெரியுது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே தொங்கிய உயிர்காப்புச் சட்டைகளைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு குலுங்கினேன்.

6

[இந்தப் பகுதியை நீக்கலாமா என்று பலமுறை யோசித்தேன். என் மானம் சம்பந்தப்பட்டது. இருக்கட்டும்.]

"யார் சார் எழுதிக் குடுத்தது?" என்று விற்பனையாளர் கேட்டார். அத்தான் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவரிடமே நீட்டிவிட்டு என்னைக் கை காட்டினார். "எங்க எழுத்தாளரம்மா."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"இந்த விற்பனையாளர்ங்கறது நானா மேடம்?"

"இல்ல சார், அது பொதுவா..."

"நான் கையைப் பிசையறதில்லையே."

"ஆமா, பாத்தேன்."

"கடைசில ஓடி வர்றேன்னு போட்டிருக்கீங்க. எனக்கு முட்டி வலி. என்னால ஓட முடியாது. காருக்குப் போனீங்கன்னா நான் பாட்டுக்கு இங்கேதான் இருப்பேன். சொல்லிட்டேன்."

என் கதைகளைக் கிழித்துத் தோரணம் கட்டிய விமர்சகர்கள் உண்டு. ஆனால் ஒரு கதாபாத்திரம் என்னைப் பார்த்து, நான் இப்படி இல்லையே என்று வருத்தமாகச் சொன்னது அன்றுதான். காது மடல்வரை சூடானது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எதுக்கு? வசனம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு மாத்திக்கறேன்" என்று பேனாவை எடுத்து, 'கையைப் பிசைந்தபடி' என்பதை அடித்துவிட்டு, 'நாற்காலி போட்டு' என்று எழுதினார். எழுதிவிட்டு, அலுவலகத்துக்குள் எங்களுக்கு மூன்று நாற்காலி இழுத்துப் போட்டார்.

7

அதன்பிறகு நடந்ததுதான் அசல் பேரம். என் வசனம் அதில் ஒரு வரிகூட இல்லை.

அக்கா தனிக் கட்டணத்தைத் தொட்டாள். அவர் அதில் பாதியைக் குறைத்தார். மடக்குக் கூரை கேட்டாள், சும்மா தருகிறேன் என்றார். மூடுதுணி, ஏணி, உயிர்காப்புச் சட்டைகள் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் வந்து சேர்ந்தன. எனக்கே உற்சாகமாகிவிட்டது. பிறகு அவர் படகின் விலையைக் கால்குலேட்டரில் தட்டி, அக்கா பக்கம் திருப்பி வைத்தார்.

அக்கா அதைப் பார்த்தாள். பேசவில்லை.

இருமல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவரும் கையைக் கட்டிக்கொண்டு, வெளியே தூறலைப் பார்த்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குச் சரியான ஆள் அன்றைக்குத்தான் கிடைத்தார். காப்பி இயந்திரம் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது. கொட்டகைத் தகரத்தில் மழைச் சத்தம். ஆளுக்கொரு பாறாங்கல் மாதிரி இருவரும் இருந்தார்கள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? இது எழுதினதுல இல்ல" என்றார் அத்தான்.

அக்கா அவர் காலை மிதித்தாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன் சார். ஏறும்போது ஒரு நொடி முகம் தெரியும். அப்புறம் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னாடி. சிரிக்கறாங்க, சண்டை போடறாங்க, ஒரு தடவை ஒரு அம்மா பாட்டே பாடினாங்க. பஸ்ஸே கை தட்டுச்சு. எனக்கு எதுவும் பாக்கக் கிடைக்கல. கண்ணாடி இருக்கு, ஆனா அதுல படியைத்தானே பாக்கணும்? யாராவது தொங்கறாங்களா, இறங்கியாச்சான்னு. இந்தப் படகுல பாருங்க, மத்த சீட்டெல்லாம் உள்பக்கம் பாத்து இருக்கு. எல்லாரும் எனக்கு எதிர்ல உக்காருவாங்க. ஓட்டிக்கிட்டே அவங்க முகத்தைப் பாக்கலாம். எனக்கு அதுக்குத்தான் வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "நிறமும் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார்.

பேரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆசையைக் காட்டிய இடத்தில் விலை இறங்காது. ஆட்டம் முடிந்தது. அக்கா எழுந்தாள்.

"வாங்க, நாம வேற இடம் பாத்துக்கலாம்."

நான் எழுதிய வரிதான். ஆனால் நான் எழுதியபோது அதில் இல்லாத ஒன்று அவள் குரலில் இருந்தது. கடைசிச் சொல் பாதியில் உடைந்தது.

* அக்காவின் திருத்தம்: "உடையல. மழைக்குச் சளி."

8

காரில் உட்கார்ந்தோம். அக்கா ஓட்டுகிற இருக்கையில், அத்தான் பக்கத்தில், நான் பின்னால். எனக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள் மட்டும்.

முடிவு அ: விற்பனையாளர் ஓடி வருகிறார். [முட்டி வலி. கண்ணாடிச் சுவருக்கு உள்ளே அவர் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.]

முடிவு ஆ: அக்கா காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறாள். [சாவியைப் போட்டாள். திருகவில்லை.]

"விலை போச்சா?" என்று அத்தான் மெல்லக் கேட்டார்.

"விலையை விடுங்க. என்கிட்ட ஏன் சொல்லல?"

"எதை?"

"முகம் பாக்கணும்னு. நான் கேட்டதுக்குக் காத்து வாங்கலாம்னீங்க."

"அதுவுந்தான்."

"இன்னைக்குப் பாத்த ஆளுகிட்ட சொல்றீங்க. என்கிட்ட இல்ல."

அத்தான் முன் கண்ணாடியில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர்கிட்டன்னு சொல்லல. நீ பேசாம உக்காந்திருந்தே. நீ அப்படி இருந்தா எனக்குத் தாங்காது. மனசுல இருக்கறது வெளில வந்துடும்."

விற்பனையாளரை இறக்குவதற்காக அக்கா சாதித்த மௌனம் அத்தானை இறக்கியிருக்கிறது. இதை நான் யோசித்து எழுதியிருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பேன்! அக்காவுக்கும் அப்போதுதான் அது புரிந்திருக்க வேண்டும். சாவியை வெளியே எடுத்தாள்.

"எல்லாரும் உங்க முதுகைத்தான் பாத்தாங்களா?"

"பின்ன?"

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பஸ்லதானே நான் வேலைக்குப் போவேன். எங்க நிறுத்தத்துல ஏறினா உக்கார இடம் கிடைக்காதுன்னு ஒரு நிறுத்தம் பின்னாடி நடந்து போய் ஏறுவேன். அந்த ரெண்டாவது வரிசை ஓர சீட்டுக்காக."

"அதுல என்ன இருக்கு?"

"அங்கேருந்து பாத்தாத்தான் கண்ணாடில உங்க முகம் தெரியும்."

அத்தான் திரும்பி அவளைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதே!"

"எப்படித் தெரியும்? நீங்க படியைப் பாத்துட்டிருந்தீங்க."

இத்தனை காலம் அவளுக்குத் தங்கையாக இருக்கிறேன். இது எனக்கும் தெரியாது. மூக்கை உறிஞ்சினேன். எனக்கும் சளிதான்.

என் சத்தம் கேட்டதும் அக்காவுக்கு நான் இருப்பது நினைவு வந்தது. கதவைத் திறந்து இறங்கினாள். அத்தானும் இறங்கினார். நானும் கதவில் கை வைத்தேன்.

"நீ உள்ளயே இரு. இதுக்கு வசனம் வேண்டாம்" என்றாள்.

9

ஆக, கதாசிரியையைக் காரில் பூட்டிவிட்டுக் கதை கிளம்பிப் போய்விட்டது. இனி நான் பார்த்ததை மட்டும்தான் சொல்ல முடியும். அதுவும் மழைத்துளி படிந்த கண்ணாடி வழியாக, சத்தமில்லாமல்.

இருவரும் அலுவலகத்துக்குள் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனார்கள். அக்கா குட்டிக் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்த சோபாக்களை ஒருமுறை நின்று பார்த்தாள், ஒரு நிறுத்தம் பின்னால் நடந்து போய் ஏறியவள் இடம் தேடுகிற மாதிரி. பிறகு ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

அத்தான் ஏறித் தன் இருக்கையில் உட்கார்ந்தார். சக்கரத்தைப் பிடித்தார். வலது கை பழக்கத்தில் நெற்றிக்கு மேலே கிளம்பியது. பாதி வழியில் நின்றது. அவர் எதிரே பார்த்தார். கை இறங்கிவிட்டது.

படகு இழுவை வண்டியின்மேல் அப்படியே நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீரைத் தவிர. அக்கா ஏதோ பேசுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. விற்பனையாளர் கால்குலேட்டரோடு தாங்கித் தாங்கி நடந்துவந்து, படகின் கீழே நிற்கிறார். அண்ணாந்து பார்க்கிறார். காத்திருக்கிறார்.

முடிவு இ: அவர் சொன்ன விலைக்கே அக்கா வாங்குகிறாள், வாழ்க்கையில் முதல்முறையாக.

முடிவு ஈ: அவர் கால்குலேட்டரில் இருந்ததை அழித்துவிட்டு வேறொரு எண்ணைத் தட்டுகிறார்.

முடிவு உ: இருவரும் இறங்கி வந்து, "படகு வேண்டாம், நம்ம கூடத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கலாம்" என்று

[இல்லை. இதை அடிக்கிறேன். அத்தானுக்குப் படகு வேண்டும். முதல் வரி அது.]

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கொடுக்கவில்லை. விற்பனையாளர் கீழே நின்றுகொண்டிருக்கிறார், பாவம், முட்டி வலியோடு. அடுத்த வசனம் உங்களுடையது. என்ன விலைக்கு முடிக்கலாம் என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். மேலே இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.